பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்: உலோகத்துக்குள்ள பூட்டிக்கிடக்கிற கரண்ட் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கிறேன்.)



"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" இந்தக் குரலைத் தெருவுல நேரா கேட்டவங்க உங்கள்ல சில பேராவது இருப்பீங்க. கேட்காதவங்களுக்கும் இந்த வரி தெரிஞ்சிருக்கும். ஓட்டை பைக் வச்சிருக்கிற ஃப்ரெண்டைக் கலாய்க்க இன்னைக்கும் இதைத்தானே சொல்றோம்: "டேய், இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுடா!"

அந்த வண்டிக்காரர் நம்ம வீட்டுல வாங்கிட்டுப் போனது என்ன? உடைஞ்ச வாளி, அடி ஓட்டையான குண்டான், துருப்பிடிச்ச கம்பி. நமக்கு அது இடத்தை அடைக்கிற சாமான். ஆனா அதுக்குள்ள ஏற்கனவே யாரோ, எங்கயோ செலவழிச்ச பெரிய அளவு எரிசக்தி பூட்டிக்கிடக்கு. ஸ்டீலையும் அலுமினியத்தையும் மறுசுழற்சி பண்ணா சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம்ங்கிற கேள்விக்குப் பதில் அந்தப் பூட்டுலதான் இருக்கு. இன்னைக்கு அதைத் திறந்து பார்க்கலாம்.

கல் நிக்குது, இரும்பு ஏன் துருப்பிடிக்குது?

எங்க ஊர் திருவெள்ளறை. திருச்சியிலிருந்து துறையூர் போற ரோட்டுல, மண்ணச்சநல்லூர் தாண்டி வரும். புண்டரீகாக்ஷப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்வஸ்திக் கிணத்தை ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துல கம்பன் அரையன் என்பவர் வெட்டுவிச்சது. கல்வெட்டுல அதுக்கு மாற்பிடுகு பெருங்கிணறுன்னு பேர். சுமார் 1,200 வருஷமா அந்தக் கல் படிக்கட்டு நிக்குது. அதே ஊர்ல ஒரு இரும்பு கேட்டுக்குப் பத்து வருஷம் பெயின்ட் அடிக்காம விட்டா, அடிப்பக்கம் பொத்தல் விழுந்துடும்.

கல்லுக்கு இல்லாத அவசரம் இரும்புக்கு ஏன்?

கல் ஏற்கனவே தன்னோட இயல்பு நிலையில இருக்கு. அது வேற எதுவாகவும் மாற வேண்டியதில்ல. இரும்பு அப்படி இல்ல. பூமியில இரும்பு கிட்டத்தட்ட எப்பவும் ஆக்ஸிஜனோட சேர்ந்து, தாதுவாத்தான் கிடைக்கும். நாமதான் அதை உலையில போட்டு, எரிசக்தியைக் கொட்டி, ஆக்ஸிஜனைப் பிச்சு எடுத்து உலோகமா மாத்துறோம். துருப்பிடிக்கிறதுன்னா, இரும்பு திரும்பவும் ஆக்ஸிஜனோட சேர்ந்து பழைய நிலைக்குத் திரும்பறது. அதாவது, நாம செலவழிச்ச எரிசக்தி கொஞ்சம் கொஞ்சமா கை நழுவிப் போகுது.

அலுமினியத்துக்கும் இதே கதைதான். ஆனா அதோட மேல்பரப்புல உருவாகுற மெல்லிய ஆக்ஸைடு படலம் கெட்டியா ஒட்டிக்கிட்டு உள்ளே இருக்கிறதைக் காப்பாத்திடும். அதனால அது இரும்பு மாதிரி உதிர்ந்து போறதில்ல.

நம்ம ஐடி பாஷையில சொன்னா, உலோகம்ங்கிறது ஒரு கேஷ். ரொம்ப நேரம் ஓடின, செலவு அதிகமான ஒரு கணக்கோட விடையைச் சேமிச்சு வச்சிருக்கோம். தாதுவுலயிருந்து மறுபடி எடுக்கிறது முழுக் கணக்கையும் முதல்லயிருந்து ஓட்டுற மாதிரி. பழசை உருக்கறது, சேமிச்சு வச்ச விடையை எடுத்துப் பயன்படுத்துற மாதிரி.

அலுமினியம்: 1 கிலோவுக்கு 14 யூனிட்

இப்ப நம்பருக்கு வருவோம். அலுமினியம் கிடைக்கிறது பாக்சைட்ங்கிற தாதுவுலயிருந்து. 4 முதல் 5 டன் பாக்சைட்டைச் சுத்திகரிச்சா சுமார் 2 டன் அலுமினா கிடைக்கும். அந்த 2 டன் அலுமினாவை மின்பகுப்பு பண்ணா 1 டன் அலுமினியம். 1886-ல அமெரிக்காவுல ஹால், பிரான்ஸ்ல ஹெரூல்ட்னு ரெண்டு பேர் தனித்தனியா கண்டுபிடிச்ச முறை. இன்னைக்கும் உலகம் முழுக்க அதே முறைதான் ஓடுது.

இந்த மின்பகுப்புக்கு மட்டும் 1 கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 14 யூனிட் கரண்ட் வேணும். தமிழ்நாட்டுல வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு 2016-லயிருந்து ஒரு திட்டம் இருக்கு இல்லையா? அந்த 100 யூனிட்டை முழுசா கொடுத்தாலும் 7 கிலோ அலுமினியம்தான் வரும்.

பழைய அலுமினியத்தை உருக்க எவ்வளவு ஆகும்? அது 660 டிகிரி செல்சியஸ்லயே உருகிடும். ஆக்ஸிஜனைப் பிரிக்கிற வேலை ஏற்கனவே முடிஞ்சதால சூடுபடுத்தினா போதும். உலையில வீணாகுற சூட்டையும் சேர்த்தா, புதுசா எடுக்க ஆகுற எரிசக்தியில சுமார் 5 சதவீதம்தான் தேவை. மிச்சம் 95 சதவீதம் லாபம்.

ஒரு சின்ன கூல்ட்ரிங்க்ஸ் கேன் சுமார் 14 கிராம் இருக்கும். அதுக்குள்ள இருக்கிறது ஏறக்குறைய 0.2 யூனிட். 10 வாட் எல்இடி பல்பு 20 மணி நேரம் எரியற கரண்ட். குடிச்சு முடிச்சுட்டு கேனை நசுக்கிக் குப்பைமேட்டுல வீசினா, நாம வீசுறது அந்தக் கரண்டையும் சேர்த்துத்தான்.

இன்னொரு விஷயம். மின்பகுப்புல கார்பன் தண்டுகள் பயன்படுது. அலுமினாவுல இருக்கிற ஆக்ஸிஜன் அந்தக் கார்பனோட சேர்ந்து கார்பன் டை ஆக்சைடா வெளியே போகும். அதனால முழுக்க சோலார் கரண்ட்ல ஓட்டினாலும் இந்தப் புகை நிக்காது. இந்தியா மாதிரி நிலக்கரி மின்சாரம் அதிகமா இருக்கிற இடத்துல அதோட அனல்மின் நிலையப் புகையும் சேர்ந்துக்கும்.

புளியஞ்சோலைக்கு மேல என்ன இருக்கு?

"இதெல்லாம் எங்கயோ ஒடிசாவுல நடக்கிறது, நமக்கென்ன?"ன்னு தோணலாம். நம்ம பக்கத்துலயே நடந்திருக்கு.

திருவெள்ளறையிலிருந்து அதே ரோட்டுல துறையூர் போய், அங்கிருந்து புளியஞ்சோலை போலாம். திருச்சிப் பசங்களுக்கு அது ஞாயித்துக்கிழமை குளிக்கப் போற இடம். அந்தத் தண்ணி கொல்லிமலையிலிருந்து வர்ற ஐயாறு. மலை மேல ஆகாயகங்கை அருவியா விழுந்து, கீழே இறங்கி, கடைசியில காவிரியில கலக்குது.

அந்தக் கொல்லிமலையிலயும் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையிலயும் பாக்சைட் இருக்கு. பாக்சைட் பெரும்பாலும் மலை உச்சியிலதான் கிடைக்கும். லட்சக்கணக்கான வருஷம் பெய்யற மழை மத்த தாதுக்களைக் கரைச்சுக் கொண்டுபோய், அலுமினியம் அதிகமுள்ள மண்ணை மட்டும் மேல விட்டுட்டுப் போகும். அதை எடுக்கணும்னா மலையோட தலையைச் சீவணும். மரம், மேல்மண், ஊற்று எல்லாமே அங்கதான் இருக்கு.

1965-ல மேட்டூர்ல மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, சுருக்கமா மால்கோ, உற்பத்தியைத் தொடங்கினாங்க. இந்த மலைகள்ல வெட்டின பாக்சைட்தான் அங்க போச்சு. பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவுல கரைச்சு அலுமினா எடுக்கும்போது, ஒவ்வொரு டன் அலுமினாவுக்கும் ஒரு டன்னோ அதுக்கும் மேலயோ சிவப்பு நிறச் சேறு மிஞ்சும். காரத்தன்மை அதிகம். அதுல எதுவும் சுலபத்துல முளைக்காது. அப்படிப்பட்ட சேறு காவிரி ஓரத்துல இருக்கிற மேட்டூர்லயும் குவிஞ்சது. 2008-ல அந்த உருக்காலை மூடினாங்க. ஆலை நின்னாலும் சேறு தானா கரைஞ்சு போயிடாது. வெட்டின மலையும் வளராது.

நம்ம தாத்தா பாட்டி காலத்துல வாங்கின அலுமினியக் குண்டான்ல கொல்லிமலை மண் இருக்க வாய்ப்பு உண்டு. அந்த மலைக்கு ஆன சேதத்தைத் திருப்ப முடியாது. ஆனா அந்தக் குண்டானை மறுபடி உருக்கினா, அதே எடைக்கு இன்னொரு மலையைச் சீவ வேண்டியதில்ல. உலகத்துல இதுவரைக்கும் தயாரான அலுமினியத்துல சுமார் முக்கால்வாசி இன்னும் பயன்பாட்டுல இருக்குன்னு சர்வதேச அலுமினிய நிறுவனம் கணக்குப் போட்டிருக்கு. பழசை யாரும் சும்மா தூக்கிப் போடுறதில்ல, அதுக்கு எப்பவும் விலை உண்டுங்கிறதுதான் காரணம்.

ஸ்டீல்: ஒரு வீட்டுக் கம்பியோட கணக்கு

ஸ்டீலுக்கு இந்த விகிதம் அவ்வளவு பெருசு இல்ல. ஆனா அளவு பிரம்மாண்டம். உலகத்துல வருஷத்துக்கு 180 கோடி டன்னுக்கு மேல ஸ்டீல் தயாராகுது. மனுஷங்க வெளியிடுற கார்பன் டை ஆக்சைடுல சுமார் 7 சதவீதமோ அதுக்கு மேலயோ இந்த ஒரு தொழில்லயிருந்து வருது.

ஊது உலையில இரும்புத் தாதுவோட கோக், அதாவது சுட்ட நிலக்கரி, போடுவாங்க. கோக் வெறும் எரிபொருள் இல்ல. தாதுவுல இருக்கிற ஆக்ஸிஜனைப் பிடுங்கறதே அதோட கார்பன்தான். அந்த வேதிவினையிலேயே புகை வந்துடுது. இந்த வழியில 1 டன் ஸ்டீலுக்குச் சுமார் 2.3 டன் கார்பன் டை ஆக்சைடு. பழைய இரும்பை மின் உலையில உருக்கினா சுமார் 0.7 டன். அதுவும் கரண்ட் எங்கிருந்து வருதுங்கிறதைப் பொறுத்தது. காத்தாலை, சோலார் கூடக் கூட இன்னும் குறையும்.

உலக ஸ்டீல் சங்கத்தோட கணக்குப்படி, 1 டன் பழைய இரும்பை உருக்கினா 1.4 டன் தாதுவும் 740 கிலோ நிலக்கரியும் 120 கிலோ சுண்ணாம்புக்கல்லும் மிச்சம். சுமார் 1.5 டன் கார்பன் டை ஆக்சைடு தவிர்க்கப்படுது.

இதை நம்ம தெருவுக்குக் கொண்டு வருவோம். 1,000 சதுர அடி வீடு ஒண்ணு கட்ட சுமார் 4 டன் கம்பி ஆகும். பழைய வீட்டை இடிக்கிறப்போ அந்தக் கம்பியை உருவி எடுத்து உருக்க அனுப்பினா, 6 டன் கார்பன் டை ஆக்சைடு மிச்சம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா 2.3 கிலோ வரும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிற பைக்ல ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல ஓட்டினா வர்ற புகை அது. இடிச்ச கான்கிரீட்டைச் சம்மட்டியால உடைச்சு, வெயில்ல உக்காந்து கம்பியை நிமிர்த்துற ஆளோட ரெண்டு நாள் உழைப்பு நம்ம பத்து வருஷ பைக் பயணத்துக்குச் சமம்.

காந்தத்தோட உக்காந்திருக்கிற நிபுணர்

எரிசக்தி பூட்டியிருக்குன்னு சொன்னேன். சாவி யார்கிட்ட? பிரிக்கிறவங்ககிட்ட.

எங்க ஊர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில போய் கொஞ்ச நேரம் உக்காந்தேன். கயித்துல கட்டின ஒரு காந்தம், ஒரு அரம், ஒரு எலக்ட்ரானிக் தராசு. இவ்வளவுதான் அவரோட லேப். "காந்தம் ஒட்டலைன்னா நல்ல எவர்சில்வர், அப்படித்தானேண்ணே?"ன்னு கேட்டேன்.

"அப்படிச் சொல்லிட முடியாது தம்பி. ஒட்டுற எவர்சில்வரும் இருக்கு, ஒட்டாத மட்டமானதும் இருக்கு. அரத்துல ஒரு இழு இழுத்து, கிரைண்டர்ல வச்சுப் பொறியைப் பார்த்தாத்தான் தெரியும்."

அவர் சொன்னது உலோகவியல். 304 ரக எவர்சில்வர்ல சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். காந்தம் ஒட்டாது. 202 ரகத்துல நிக்கலைக் குறைச்சு மாங்கனீசு சேர்த்திருப்பாங்க. அதுலயும் ஒட்டாது, ஆனா விலை ரொம்பக் கம்மி. 430 ரகத்துல நிக்கல் கிடையாது, காந்தம் ஒட்டும். மூணையும் ஒண்ணா உருக்கினா நிக்கலோட மதிப்பு கரைஞ்சு போயிடும்.

நம்ம "ஈயம்"ங்கிற வார்த்தையிலயே இந்தக் குழப்பம் இருக்கு. ஸ்ரீரங்கத்து வீடுகள்ல ரசம் வைக்கிற ஈயச்சொம்பு நிஜமாவே வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகிடும். ரசம் ஊத்தாம அடுப்புல வச்சா சொம்பே போச்சு. ஆனா நிறைய வீடுகள்ல அலுமினியத்தையும் ஈயம்னுதான் சொல்வாங்க. ரெண்டுக்கும் விலையும் வேற, உலையும் வேற.

சரி, கலந்தா என்ன ஆகும்? ஸ்டீலுக்கு எதிரி காப்பர். உருக்கும்போது ஆக்ஸிஜன் கொடுத்தா சிலிக்கான், மாங்கனீசு எல்லாம் எரிஞ்சு கசடா மேல மிதந்துடும், வழிச்சு எடுத்துடலாம். காப்பர் அப்படி எரியாது, அதுக்கு முன்னாடி இரும்பே எரிஞ்சுடும். அதனால ஒரு தடவை உள்ளே போன காப்பரை வெளியே எடுக்க முடியாது. அளவு கூடினா, சூட்டுல உருட்டித் தகடாக்கும்போது மேல்பரப்புல வெடிப்பு விழும். மோட்டார் காயிலோட போட்ட ஒரு மிக்சி, வயரோட போட்ட ஒரு ஃபேன், இதெல்லாம் சேர்ந்துதான் ஒரு உலை ஸ்டீலைக் கார் தகட்டுத் தரத்துலயிருந்து கட்டடக் கம்பித் தரத்துக்கு இறக்குது.

அலுமினியத்துல இன்னும் மோசம். அது எல்லாத்துக்கும் முந்தி ஆக்ஸிஜனோட சேரத் துடிக்கிற உலோகம். உள்ளே கலந்த இரும்பையும் சிலிக்கானையும் எரிச்சு வெளியேத்த வழியே இல்ல. ஜன்னல் சட்டத்துல ஒரு ஸ்க்ரூவை விட்டுட்டா, அந்த இரும்பு அலுமினியத்துலயே தங்கிடும். அப்புறம் அது மறுபடி ஜன்னல் சட்டமா ஆகாது. வார்ப்பு உதிரிபாகத்துக்குத்தான் போகும்.

ஆக, முடிவில்லாம மறுசுழற்சி பண்ணலாம்னு பாடப்புத்தகம் சொல்றது, சுத்தமா பிரிச்சா மட்டும்தான் உண்மை. அந்த "பிரிச்சா"ங்கிற வார்த்தையைத் தாங்கிட்டு நிக்கிறது காயலான் கடை அண்ணன்தான். வெறுங்கையோட, தகரம் கிழிச்ச விரலோட. காப்பருக்காக வயரை எரிக்கிற இடங்கள்ல அந்த பிளாஸ்டிக் புகையைச் சுவாசிக்கிறதும் அவங்கதான். நம்ம பசுமைக் கணக்குல அவங்க நுரையீரலைச் செலவா எழுதறதே இல்ல.

திருச்சியோட முதல் தர ஸ்கிராப்

இதுல திருச்சிக்கு ஒரு தனி வசதி இருக்கு. 1965-ல தொடங்கின பெல் தொழிற்சாலையையும், அதைச் சுத்தித் துவாக்குடிப் பக்கம் வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளையும் நினைச்சுப் பாருங்க. பாய்லருக்குத் தகடு வெட்டும்போது மிஞ்சுற துண்டு, லேத்துல விழுற சுருள், இதெல்லாம் என்ன ரகம்னு முன்னாடியே தெரியும். பெயின்ட் கிடையாது, வயர் கிடையாது. உலைக்காரங்களுக்கு இதுதான் தங்கம்.

1928-லயிருந்து இயங்குற பொன்மலை ரயில்வே பணிமனையும் இப்படித்தான். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜின் கட்டின அதே இடம். கழிச்ச சக்கரம், அச்சு, தண்டவாளத்தையெல்லாம் ரயில்வே ஆன்லைன் ஏலத்துல விக்குது. இவ்வளவு எடை, இந்த ரகம்னு தெளிவா தெரிஞ்ச இரும்பு.

வீட்டு ஸ்கிராப்புக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் தகவல்தான். என்ன ரகம்னு தெரிஞ்ச உலோகம் மேல போகும், தெரியாதது கீழே இறங்கும்.

மறுசுழற்சியால முடியாதது

நேர்மையா ஒண்ணு சொல்லணும். எல்லா இரும்பையும் மறுசுழற்சி பண்ணாலும் இந்தியாவோட தேவை தீராது. ஒரு வண்டி ஸ்கிராப் ஆக 15, 20 வருஷம் ஆகும். ஒரு கட்டடத்துக்கு 50 வருஷம் கூட ஆகலாம். நாம இன்னைக்கு இடிக்கிறது அந்தக் காலத்துல கட்டின கொஞ்சம், கட்டுறதோ நிறைய. 2017 தேசிய ஸ்டீல் கொள்கை 2030-31-க்குள்ள 30 கோடி டன் உற்பத்தித் திறன் வேணும்னு இலக்கு வச்சிருக்கு. அவ்வளவு பழைய இரும்பு நம்மகிட்ட இல்ல, இப்பவே வெளிநாட்டுலயிருந்து இறக்குமதி பண்றோம். 2019-ல ஸ்டீல் ஸ்கிராப் மறுசுழற்சிக் கொள்கையும், 2021-ல பழைய வாகனக் கழிவுக் கொள்கையும் வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால மறுசுழற்சிக்கு முன்னாடி ஒரு படி இருக்கு: இருக்கிறதை நீண்ட நாள் வச்சுக்கிறது. கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறது, குக்கருக்குக் கைப்பிடி மாத்துறது, பீரோவை விக்காம பாலிஷ் போடுறது. உருக்காத உலோகத்துக்கு அந்த 5 சதவீதச் செலவு கூட இல்ல.

நாம செய்யக்கூடியது

கடைசியா, அடுத்த தடவை வீடு ஒழிக்கும்போது ஞாபகம் வச்சுக்க:

ஒண்ணு, இரும்பு, எவர்சில்வர், அலுமினியம், காப்பர் நாலையும் தனித்தனிப் பையில போடுங்க. ஃப்ரிட்ஜ் மேல ஒட்டுற காந்தமே முதல் சோதனைக்குப் போதும். அலுமினியத்துல இருக்கிற ஸ்க்ரூ, கைப்பிடி, ரப்பரைக் கழட்டிடுங்க. விலையும் கூடக் கிடைக்கும்.

ரெண்டு, வயரை எரிக்காதீங்க, எரிக்கச் சொல்லாதீங்க. மிக்சி, ஃபேன், சார்ஜர் எல்லாம் மின்கழிவு எடுக்கிற இடத்துக்குப் போகட்டும்.

மூணு, மூடி இறுகின டப்பா, ஸ்பிரே கேனை மூட்டைக்குள்ள மறைச்சு அனுப்பாதீங்க. உள்ள காத்தோ தண்ணியோ அடைஞ்சிருந்தா உலையில வெடிக்கும். அங்க நிக்கிறது ஒரு மனுஷன்.

நாலு, சமையல் ஃபாயிலைக் கழுவி, பந்து மாதிரி சுருட்டிச் சேர்த்து வைங்க. மெல்லிசா விட்டா உலையில பாதி எரிஞ்சே போயிடும். சிப்ஸ் பாக்கெட் உள்ளே பளபளன்னு இருக்கிறது அலுமினியம்தான், ஆனா பிளாஸ்டிக்கோட ஒட்டிக்கிட்ட அதைக் காயலான் கடையில பிரிக்க முடியாது. அதை வாங்காம இருக்கிறதுதான் வழி.

அஞ்சாவது எனக்கு ரொம்ப முக்கியம். கடைக்காரர் எடை போடும்போது பத்து ரூபாய்க்குச் சண்டை போடுற நேரத்துல, ஒரு ஜோடி தோல் கையுறை வாங்கிக் கொடுங்க. உங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் சேர்ந்தா ஒரு தெருவுக்கே வாங்கலாம்.

உங்க ஏரியாவுல பழைய இரும்புக் கடையில எதுக்கு என்ன பேர் சொல்றாங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. தகரம், வார்ப்பு, சுருள்னு ஊருக்கு ஊர் அகராதியே மாறுது. நல்லதா வந்தா அடுத்த எபிசோடுல போடுறேன். சந்திப்போம் மக்களே.